நாலு நாள், அஞ்சு பேர், ஒரு ஸ்விஃப்ட்: பெரிய ரோட்டைத் தொடாமல் கிழக்கு மலைகளைச் சுற்ற வழி சொல்லுங்கள்

கிண்டி_கதிர்:
வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த அஞ்சு பேர் (மூன்று பையன்கள், இரண்டு பெண்கள்) பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில் நாலு நாள் ஒரு சுற்று போகலாம் என்று இருக்கிறோம். ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கூட்டம் ஒரு பக்கம், 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் வேறு. ஆளுக்கு 4,000 ரூபாய்தான் கையில். வண்டி ஒரு நண்பனுடைய பெட்ரோல் ஸ்விஃப்ட். என் திட்டம் இது: சென்னை, ஏலகிரி, ஜவ்வாது மலை, ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, திரும்ப சென்னை. டோல் ரோட்டில் பறக்க ஆசை இல்லை. ஊருக்குள் புகுந்து, டீக்கடையில் நின்று, மலையைப் பார்த்துக்கொண்டே போகிற ரோடுகள்தான் வேண்டும். சரியாக வருமா?

ரெண்டாவது_கியர்:
தம்பி, நாலு நாளில் அஞ்சு மலை என்றால் நீங்கள் பார்க்கப்போவது முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் மட்டும்தான். ஒவ்வொரு மலையும் ஏற ஒரு மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டில் சேலம் பக்கமிருந்து 20, கொல்லிமலையில் காரவள்ளி பக்கமிருந்து 70. அஞ்சு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிய ஒரு சின்ன காரில் இதையெல்லாம் அடுத்தடுத்து ஏறி இறங்கினால் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தவர் மூன்றாம் நாள் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவார். இரண்டு மலை போதும். மிச்ச நேரத்தை அடிவாரத்து ரோடுகளுக்குக் கொடுங்கள், அழகு பாதி அங்கேதான் இருக்கிறது.

சேலத்து_மாம்பழம்:
முதலில் ஏற்காட்டை வெட்டுங்கள். சேலத்துக்காரனே சொல்கிறேன். சனி, ஞாயிறு ஏற்காட்டில் அறை வாடகை ஆளை மிரட்டும், ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. போயே ஆக வேண்டும் என்றால் வார நாளில், அதுவும் குப்பனூர் வழியாக ஏறுங்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் பிரிகிற ரோடு அது, கொட்டச்சேடு வழியாக மேலே போகும். முக்கிய மலைப்பாதையை விட நெரிசல் குறைவு, காப்பித் தோட்டத்துக்கு நடுவே போகும்.

கிண்டி_கதிர்:
ஏற்காடு போச்சு, சரி. ஏலகிரி?

ஆரணிக்காரன்:
ஏலகிரியும் வேண்டாம். வளைவுகளுக்குப் பாரி, ஓரி, கபிலர், ஔவையார் என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்கள், படித்துக்கொண்டே ஏற நன்றாகத்தான் இருக்கும், மேலே போனால் படகுத்துறையும் பூங்காவும் ரிசார்ட்டும். நீங்கள் கேட்கிற சரக்கு அது இல்லை. ஜவ்வாதுக்கு ஒரு நாள் முழுசாகக் கொடுங்கள்.

வழி இப்படி: தாம்பரம் தாண்டி வண்டலூரில் வலது பக்கம் திரும்பி ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம். பெங்களூர் ரோட்டையே தொட வேண்டாம். காஞ்சிபுரத்தில் காலை டிபன். அப்புறம் செய்யாறு, ஆரணி, போளூர். செய்யாறு தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், ஏரிக்கரை, புளியமரம். பொங்கலுக்குப் பிறகு போகிறீர்கள், ஏரிகளில் தண்ணீர் இருக்கும். போளூரில் பெட்ரோலை முழுசாக நிரப்பிக்கொள்ளுங்கள், மலையில் பங்க் தேடுகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோமீட்டர், காடும் வளைவும்தான். சென்னையிலிருந்து மொத்தம் ஏறக்குறைய 200 வரும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் நடுவில் நன்றாக நின்று போயும் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம்.

ஜமுனாமரத்தூரில் பீமன் அருவி, கோமுட்டேரி ஏரி. அருவியில் ஜனவரியில் தண்ணீர் பெரிதாகக் கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், பாறையில் உட்கார்ந்து கால் நனைக்கிற அளவு இருந்தால் லாபம். மலைத்தேனும் சாமையும் வாங்கலாம்.

பைக்_பரதேசி:
காவலூரை விட்டுவிட்டீர்களே அண்ணே. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் இறங்குகிற ரோட்டில்தான் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள், ஆனால் போவதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் நேரத்தையும் அனுமதியையும் பார்த்துவிட்டுப் போங்கள். வானாய்வகத்துக்குள் நுழைய முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பகுதியில் விளக்கு வெளிச்சம் குறைவு. ஜனவரி மாத ராத்திரி, மேகம் இல்லை என்றால் தங்கும் இடத்து வாசலில் நின்றே ஓரியனையும் கார்த்திகை மீன் கூட்டத்தையும் பார்க்கலாம், காசு செலவில்லை.

ஊர்சுற்றி_அக்கா:
இரண்டு பெண்கள் வருகிறார்கள் என்றாய், ஆனால் யாரும் கழிப்பறை பற்றிப் பேசவே இல்லை. இந்த உள்ரோடுகளில் அதுதான் முதல் கேள்வி. டோல் ரோட்டில் பெரிய உணவகங்கள் இருக்கும், இங்கே இருக்காது. நான் செய்வது இதுதான்: பெட்ரோலைப் பாதி டேங்க் ஆனதுமே போடுவது. பங்க்கில் கழிப்பறை சுத்தமாக இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் அடுத்த பங்க்கில். காஞ்சிபுரம், ஆரணி, போளூர், திருப்பத்தூர், அரூர், ராசிபுரம், ஆத்தூர் எல்லாம் ஓரளவு பெரிய ஊர்கள், அங்கே சைவ ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும். நடுவில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதே. பையன்கள் நாலு மணி நேரத்தை ஒரே ஓட்டமாகப் போட்டுத் திட்டம் எழுதுவார்கள், அந்தத் திட்டத்தை உங்கள் இரண்டு பெண்களிடம் காட்டித் திருத்திக்கொள்.

மலையில் தங்கும் இடத்தைப் போனில் பேசி, அறைக்கு உள்ளேயே கழிப்பறை உண்டா, ராத்திரி ஆள் இருப்பாரா என்று கேட்டு முன்கூட்டியே உறுதி செய்யவும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பையன்கள் மட்டும் போகிறபோது சரி.

கிண்டி_கதிர்:
அக்கா, நன்றி, இது என் மண்டையில் ஏறவே இல்லை. இன்னொரு கேள்வி. ஒரு ராத்திரி காட்டில் டென்ட் போட்டால் அறைச் செலவு மிச்சம் ஆகும் என்று ஒருவன் சொல்கிறான்.

பைக்_பரதேசி:
அவனுக்கு வீட்டு மொட்டை மாடியில் டென்ட் போட்டுக் கொடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், தீ மூட்டினால் அதைவிடப் பெரிய குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு வனத்துறை இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. நடக்க ஆசை என்றால் 2024 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். அதற்குத் தனிக் காசு, தனிப் பயணம். இதோடு சேர்க்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் இயற்கை பேசுகிறீர்கள், நான் காசு பேசுகிறேன். பாதையை ஜவ்வாது, அரூர், ராசிபுரம், கொல்லிமலை, ஆத்தூர், திருக்கோவிலூர் என்று வைத்துக்கொண்டால் சுற்றித் திரிவதையும் சேர்த்து 950 கிலோமீட்டர் வரும். ஆள் நிறைந்த வண்டி, மலை ஏற்றம், கிராமத்து வேகத்தடை எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 15 என்று போடுங்கள், விளம்பரத்தில் சொல்கிற 22-ஐ மறந்துவிடுங்கள். 63 லிட்டர் சொச்சம். லிட்டர் 101 ரூபாய் என்றால் சுமார் 6,400. மூன்று ராத்திரி, இரண்டு அறை, அறை 1,500 என்று வைத்தால் 9,000. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாள் 350 என்றால் நாலு நாளுக்கு மொத்தம் 7,000. நுழைவுக் கட்டணம், பார்க்கிங், பஞ்சர் எல்லாவற்றுக்கும் 1,500. ஆக 23,900. அஞ்சால் வகுத்தால் 4,780.

4,000 பத்தாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஆளுக்கு 800 கூட எடுத்து வருவது. இன்னொன்று, அறையில் குறைப்பது. சாப்பாட்டில் குறைக்காதீர்கள், பசியோடு இருக்கிற அஞ்சு பேர் ஒரே காருக்குள் இருப்பது ஆபத்து. நடுவில் வருகிற இரண்டாம் ராத்திரி மலையில் தங்காமல் ராசிபுரம் மாதிரி அடிவார ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தங்கினால் அறை பாதி விலைக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

டோல் மிச்சம் டோல் மிச்சம் என்று குதிக்கிறீர்களே, அது சில நூறு ரூபாய் சமாச்சாரம். உள்ரோட்டில் மைலேஜ் குறைவதில் அது கரைந்துவிடும். உள்ரோடு பிடித்திருக்கிறது என்று போங்கள், மிச்சம் பிடிக்கப் போகிறோம் என்று சொல்லாதீர்கள்.

ஆரணிக்காரன்:
கடைசிப் பத்தியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. டோல் ரோட்டில் போனால் டோல் மட்டுமா? அங்கே ஒரு காபியின் விலைக்கு செய்யாறு பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் டிபன் சாப்பிடலாம். செலவு வித்தியாசம் தட்டில்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். 350-ஐ 300 ஆக்குங்கள். ஆயிரம் குறையும்.

ரெண்டாவது_கியர்:
வண்டிச் சொந்தக்காரனைப் பற்றி யாராவது பேசினீர்களா? கார் அவனுடையது, டயர் தேய்வது அவனுக்கு, கிளட்ச் போனால் அவனுக்கு, கீறல் விழுந்தால் வீட்டில் திட்டு வாங்குவதும் அவன்தான். அவனிடம் பெட்ரோல் பங்கு வாங்காதீர்கள். 6,400-ஐ நாலு பேர் பிரித்தால் ஆளுக்கு 1,600, அஞ்சு பேர் பிரிப்பதற்கும் இதற்கும் 320 ரூபாய்தான் வித்தியாசம். இந்த 320 ரூபாய் பேசாமல் விட்டதால் கெட்டுப்போன நட்புகள் நிறைய. கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்ஆப் குழுவில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், செலவு எல்லாம் அவர் கையில். ஒவ்வொரு டீக்கும் நீ ஜிபே பண்ணு, நான் பண்ணுகிறேன் என்று ஆரம்பித்தால் கடைசி நாள் கணக்குப் பார்க்கிறபோது யார் முகமும் நன்றாக இருக்காது. குடிக்கிறவர்கள் இருந்தால் அந்தக் கணக்கைப் பொதுவில் சேர்க்காதீர்கள், குடிக்காதவன் எதற்கு அதற்குப் பங்கு கொடுக்க வேண்டும்? அடுத்த நாள் காலை ஓட்டப்போகிறவன் முதல் நாள் ராத்திரி தொடவே கூடாது. மலை ரோட்டில் தூக்கக் கலக்கமும் அதே ஆபத்துதான்.

கிண்டி_கதிர்:
கார் நண்பன் இதைப் படித்துவிட்டு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னான். பெட்ரோல் நாலு பங்கு என்று முடிவாகிவிட்டது. வாடகை கார் எடுத்தால் என்ன என்ற பேச்சும் நடுவில் வந்தது, தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரை நாள் வாடகைக்குத் தருகிறாராம்.

ரெண்டாவது_கியர்:
வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். நீங்களே ஓட்டுகிற வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். நண்பன் கூடவே வருகிறான், பெட்ரோல் மட்டும் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் அது வாடகை ஆகாது. அவன் வண்டியிலேயே போங்கள்.

கிண்டி_கதிர்:
அப்போது இரண்டாம் நாள்? ஜமுனாமரத்தூரிலிருந்து ராசிபுரம் ரொம்ப தூரமா?

சேலத்து_மாம்பழம்:
ஒரு பகல் வேலை. காவலூர், ஆலங்காயம், திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர். அரூரில் மதியச் சாப்பாடு. நேரம் இருந்தால் அங்கிருந்து தீர்த்தமலை பக்கம்தான், குன்றின் மேல் சிவன் கோவில், படி ஏற வேண்டும், பாறையிலிருந்து தீர்த்தம் கொட்டும். மதிய வெயிலில் ஏறாதீர்கள், நேரம் தப்பிவிட்டால் விட்டுவிடுங்கள். அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி, மஞ்சவாடி கணவாய், அயோத்தியாப்பட்டணம். மஞ்சவாடியில் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும், மாலை வெயிலில் அந்தப் பகுதியைப் பிடிக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். ஒரு பக்கம் சேர்வராயன் மலை.

சேலத்துக்குள் நுழைந்தால் தட்டுவடை செட் சாப்பிடாமல் போகாதீர்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி. அஞ்சு பேர் மாலைப் பசிக்கு அதைவிட மலிவாக ஒன்றும் கிடையாது. அப்புறம் ராசிபுரம் அரை மணி, முக்கால் மணி.

பைக்_பரதேசி:
இந்த ஜனவரி, பிப்ரவரி மாதத்தில் உள்ரோட்டில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கரும்பு வெட்டும் காலம். போளூர் பக்கமும் அரூர் பக்கமும் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ராத்திரியில் போகும், பின்னால் விளக்கே இருக்காது, கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்காகவே சொல்கிறேன், ஆறு மணிக்கு மேல் இந்த ரோடுகளில் ஓட்டாதீர்கள். பகலில் வேறு மாதிரி: பாதி ரோட்டை மறித்துக் கேழ்வரகு, கொள்ளு, எள் எல்லாம் காயப்போட்டிருப்பார்கள், சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல் மேல் ஏற்றினால் டயர் காலி. காய்ந்த கொள்ளுச் செடி மேல் ஓட்டினால் தழை அடியில் சிக்கி, சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடித்ததும் உண்டு, ஓரமாகச் சுற்றிப் போய்விடுங்கள். வெள்ளைக் கோடு அடிக்காத வேகத்தடை ஒவ்வொரு ஊர் முனையிலும் இருக்கும், பள்ளிக்கூடம், கோவில் கண்ணில் பட்டாலே காலை பிரேக்குக்குக் கொண்டுவாருங்கள்.

கூகுள் மேப்பை முழுசாக நம்ப வேண்டாம். அது எட்டு நிமிடம் மிச்சம் பிடிப்பதற்காக உங்களை வாழைத் தோட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகும். மைல் கல்லைப் பாருங்கள்: தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. பச்சைத் தலை கல்லைப் பிடித்துக்கொண்டு போனால் அழகும் உண்டு, தார் ரோடும் உண்டு.

ஊர்சுற்றி_அக்கா:
மழை பற்றியும் ஒரு வார்த்தை. ஜனவரி கடைசி என்பதால் பிரச்சினை இருக்காது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது நவம்பர், டிசம்பரில் கிளம்பினால் யோசிக்கவும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது, தென்பெண்ணையில் வெள்ளம். இந்தப் பாதை பல இடங்களில் அந்த ஆற்றையும் அதன் ஓடைகளையும் தாண்டித்தான் போகிறது.

கிண்டி_கதிர்:
கொல்லிமலை 70 வளைவு என்றதும் பின்சீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். முள்ளுக்குறிச்சி வழி எளிது என்கிறார்களே, அதில் ஏறி அதிலேயே இறங்கிவிடலாமா?

ரெண்டாவது_கியர்:
70-இல் ஏறுங்கள், முள்ளுக்குறிச்சியில் இறங்குங்கள். காரணம் இரண்டு. புது ஓட்டுநருக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் கடினம், அதனால் வளைவு அதிகமான பக்கத்தை ஏறுவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, முள்ளுக்குறிச்சியில் இறங்கினால் தம்மம்பட்டி, ஆத்தூர் பக்கம் வந்துவிடுவீர்கள், அது வீட்டுக்குத் திரும்புகிற திசை.

ராசிபுரத்திலிருந்து காலை ஏழுக்குக் கிளம்பி காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. வளைவில் இரண்டாவது கியர், ஆள் பாரத்துக்கு இழுக்கவில்லை என்றால் தயங்காமல் முதல் கியர். ஏசியை அணைத்துவிடுங்கள், காற்றும் நன்றாக இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹார்ன். மேலிருந்து பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அவருக்கு முழு வளைவும் வேண்டும். பொதுவாக ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, ஆனால் அரசு பஸ்ஸிடம் சட்டம் பேசாதீர்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியர். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள், கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் அவரை ஓட்டவே விடாதீர்கள்.

வாந்தி வருகிறவர் முன்சீட்டில். வெறும் வயிற்றிலும் ஏற வேண்டாம், பரோட்டாவை அமுக்கிவிட்டும் ஏற வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

சேலத்து_மாம்பழம்:
மேலே போனதும் சோளக்காட்டில் நிறுத்துங்கள். பழம், மிளகு, மலைவாழை எல்லாம் சந்தையில் கிடைக்கும். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்துப் பாருங்கள், முட்டி வலிக்கு நல்லது என்று விற்பார்கள், முட்டிக்கு என்ன ஆகுமோ, குளிருக்கு நன்றாக இருக்கும். அப்புறம் அறப்பளீஸ்வரர் கோவில், அதன் பக்கத்தில்தான் ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள், ஆயிரத்துக்கு மேல். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும் வயது. மூச்சு வாங்குகிறவர்கள் மாசிலா அருவியோடு நிறுத்திக்கொள்ளலாம், அங்கே அவ்வளவு படி இல்லை. மாலை சீக்குப்பாறை காட்சி முனை. ராத்திரி செம்மேட்டில் தங்கல்.

ஆரணிக்காரன்:
கடைசி நாளுக்கு ஒரு சின்ன ஆசை காட்டுகிறேன். முள்ளுக்குறிச்சி, தம்மம்பட்டி, கெங்கவல்லி, ஆத்தூர். தம்மம்பட்டியில் மரச் சிற்பம் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், புவிசார் குறியீடு வாங்கிய வேலை. பட்டறை வாசலில் நின்று கேட்டால் காட்டுவார்கள், சிற்பம் வாங்குகிற பட்ஜெட் உங்களிடம் இல்லை என்பதால் சீக்கிரம் கிளம்பிவிடுவீர்கள். ஆத்தூர் பக்கம் மரவள்ளி லாரிகளும் ஜவ்வரிசி ஆலைகளும், புளித்த வாடை வந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர்.

கொல்லிமலை வல்வில் ஓரியின் நாடு, திருக்கோவிலூர் மலையமான் காரியின் ஊர். ஓரியைக் கொன்றது காரி. நீங்கள் தோற்றவன் மலையில் தூங்கி எழுந்து ஜெயித்தவன் ஊரில் மதியச் சாப்பாடு சாப்பிடப் போகிறீர்கள். அங்கே தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவே பாறை மேல் கபிலர் குன்று இருக்கிறது, பாரி இறந்த பிறகு கபிலர் உயிர் விட்ட இடம் என்று சொல்வார்கள். பத்து நிமிடம் இறங்கிப் பார்க்கலாம். அதற்கப்புறம் விழுப்புரம், பெரிய ரோடு. கடைசி மூன்று மணி நேரம் டோல் கட்டியே வாருங்கள், களைத்த கையோடு உள்ரோட்டில் இருட்டில் ஓட்ட வேண்டாம்.

கிண்டி_கதிர்:
குழுவில் போட்டு ஓட்டெடுப்பு நடத்தினேன். பச்சைமலை, ஏலகிரி, ஏற்காடு மூன்றும் அவுட். ஆளுக்கு 4,700 ரூபாய், கார்க்காரன் மட்டும் பெட்ரோல் பங்கைக் கழித்துக்கொண்டு தருவான். பணம் எல்லாம் இரண்டு பெண்களில் ஒருத்தி கையில், அவள் பேங்க்கில் வேலை பார்க்கிறாள், இனி எங்களுக்கு டீ கிடைப்பதே கஷ்டம். சனிக்கிழமை காலை கிளம்பினால் ஜவ்வாது போய், காவலூருக்கும் அன்றே போகலாம் இல்லையா?

பைக்_பரதேசி:
சனி காலை கிளம்பினால் காவலூருக்கு நேரம் இடிக்கும். வெள்ளி கிளம்பு. வெள்ளி ராத்திரி ஜமுனாமரத்தூர், சனி காலை அருவியும் ஏரியும், காவலூர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கு. அப்படியானால் சனி ராத்திரிக்குள் ராசிபுரம் போவது முடியாது, திருப்பத்தூரிலோ அரூரிலோ தங்கிவிடு, லாட்ஜ் உண்டு. ஞாயிறு மதியம் கொல்லிமலை ஏறும்போது வார இறுதிக் கூட்டம் எல்லாம் இறங்கிக்கொண்டிருக்கும், எதிரே வண்டி அதிகம், பார்த்து ஏறு. மேலே போனால் அறை காலியாக இருக்கும், வாடகையில் பேரம் பேசலாம்.

கிண்டி_கதிர்:
வெள்ளி என்றால் ஒருவனுக்கு லீவு கிடைக்க வேண்டும். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
லீவு கிடைக்காவிட்டால் வெள்ளி சாயங்காலம் சென்ட்ரலில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கச் சொல், சனி பிற்பகல் திருப்பத்தூரில் ஏற்றிக்கொள்ளலாம். ஜவ்வாது அவனுக்குப் போச்சு. சாப்பாட்டிலும் அறையிலும் ஒரு நாள் பங்கைக் கழித்துவிடு, ரயில் டிக்கெட் அவன் காசு. வெள்ளி ராத்திரி ஜோலார்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ தங்குகிற அறையும் அவன் காசு.